கொழும்பில் வீட்டுக்கோழி: ஐப்பசி மழைக்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

செப்டெம்பர் பிறந்தால் யூடியூபில் கோழி வளர்க்கும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். இலையுதிர்காலம் வருகிறது, கூட்டுக்கு வெப்ப விளக்குப் பூட்டு, சுவர் இடுக்குகளை அடை, பகல் குறுகுகிறது, மின்குமிழ் போடு. அவர்கள் ஊருக்கு அது சரி. கொழும்பில் அப்படிச் செய்தால் கோழி வெக்கையிலும் எச்சத்தின் நெடியிலும் அவிந்து போகும்.

நமக்கு இலையுதிர்காலம் இல்லை, புரட்டாதிக்குப் பிறகு ஐப்பசி அடைமழைதான். ஜூனில் கொழும்பின் பகல் பன்னிரண்டரை மணித்தியாலம், டிசம்பரில் பதினொன்றே முக்கால். வித்தியாசம் வெறும் முக்கால் மணித்தியாலம். குளிரும் இல்லை, இருட்டும் பெரிதாக இல்லை. ஆனால் ஒக்டோபரில் மட்டும் சராசரியாக 350 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது, நவம்பரும் அதற்குச் சளைத்ததல்ல. அதுவும் பின்னேரத்தில் இடி மின்னலோடு ஒரேயடியாகக் கொட்டும். ஆகவே இந்த நகரத்தில் கோழிக்கு எமன் ஈரம்தான். ஈர உமியில் இரத்தக்கழிச்சல், ஈரத் தீனில் பூஞ்சணம், தேங்கிய நீரில் நுளம்பு, நுளம்பால் அம்மை என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். கீழே சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை அடைமழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை. மழை தொடங்கியபின் தகரம் அடிக்க ஏறினால் நீங்களும் நனைவீர்கள், கோழியும் நனையும்.

முதலில், உங்கள் வீட்டில் வளர்க்கலாமா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடியில் இருப்பவர்கள் இதை வாசித்து ரசிக்கலாம், செய்ய வேண்டாம். பல்கனியில் கோழி வளர்ப்பது கோழிக்கும் பாவம், கீழ் வீட்டாருக்கும் பாவம். மட்டக்குளி, வத்தளை, தெஹிவளை உட்புறங்கள், களுபோவில, கொலன்னாவை போன்ற இடங்களில் பின்வளவு உள்ள வீடென்றால் யோசிக்கலாம். இங்கே நிலத்தைப் பேர்ச்சில்தான் அளக்கிறோம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. ஐந்து பேட்டுக்கோழிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பகுதி மாநகர சபையிலோ நகர சபையிலோ பிராணி வளர்ப்புக்கு என்ன விதி என்றும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடமும் சொல்லுங்கள். பிற்பாடு முறைப்பாடு வருவதென்றால் அங்கிருந்துதான் வரும்.

சேவல் வேண்டாம். முட்டையிட சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. விடியப்புறம் நாலு மணிக்குக் கூவும் சேவலை எந்த அயல் வீடும் ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்காது.

லாபக் கணக்கோடு இறங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். 2022இல் கோழித்தீனுக்குத் தட்டுப்பாடு வந்து முட்டை விலை ஏறியது, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்கோழி ஆசை பலருக்குப் பிறந்திருக்கும். ஆனால் ஐந்து கோழிக்குக் கூடு, தீன், உமி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முட்டை கடை விலையை விட மலிவாக வராது. நல்ல முட்டை, எரு, பிள்ளைகளுக்கு ஒரு பராக்கு, இவ்வளவும்தான் வரவு.

எந்தக் கோழி, எந்த வயதில்

இரண்டு வழி உண்டு. பழுப்பு முட்டையிடும் லேயர் இனங்கள் முதல் வருடத்தில் முந்நூறு முட்டை வரை தரும். அடையில் குந்துவது அபூர்வம். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்குக் குந்திவிடும், வருடக் கணக்கில் பார்த்தால் முட்டை குறைவு. ஆனால் இரை தேடவும் தப்பித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியும். கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழி வெக்கையை நன்றாகத் தாங்கும். பார்க்க அழகில்லை என்று சிலர் ஒதுக்குவார்கள், நான் ஒதுக்க மாட்டேன். முட்டைதான் நோக்கமென்றால் லேயர், அல்லது மூன்று லேயரும் இரண்டு ஊர்க்கோழியும்.

ஒரு நாள் குஞ்சு வாங்காதீர்கள். முதல் கிழமை 35 பாகை வெப்பம், பிறகு கிழமைக்குச் சுமார் மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். மின்சாரம் போனால் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். அதுவும் புரட்டாதியில் குஞ்சு வாங்கினால், இரத்தக்கழிச்சல் மிக எளிதாகப் பிடிக்கும் வயது, அதாவது மூன்றிலிருந்து எட்டுக் கிழமை வரை, சரியாக அடைமழைக்குள் விழும். அதனால் 16 முதல் 18 கிழமை வயதான, தடுப்பூசி ஏற்றிய பேடுகளை செப்டெம்பர் தொடக்கத்தில் வாங்குங்கள். இடம் பழகி, ஐப்பசி அளவில் முட்டையிடத் தொடங்கும். வாங்கும்போது எந்தெந்த ஊசி எப்போது போட்டது என்று எழுதி வாங்குங்கள். "எல்லாம் போட்டாச்சு அண்ணை" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஏற்கெனவே கோழி இருக்கும் வீட்டில் புதுக்கோழியை இரண்டு மூன்று கிழமை தனியாக வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

கூடு: கூரையில் தொடங்குங்கள்

ஐந்து கோழிக்கு இரவு அடையும் கூடு 6 அடிக்கு 4 அடி. பகலில் உலாவ 10 அடிக்கு 6 அடி அடைப்பு. மொத்தம் 84 சதுர அடி. பலர் கூட்டுக்கு மட்டும் கூரை போட்டு உலாவும் இடத்தைத் திறந்து விடுகிறார்கள். மற்ற ஊர்களில் அது சரி வரலாம். இங்கே ஒக்டோபர் இரண்டாம் கிழமையில் அந்த இடம் சேற்றுக்குளமாகிவிடும். இரண்டுக்கும் சேர்த்துக் கூரை போடுங்கள்.

போட்ட கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தீர்களா? 84 சதுர அடியில் 350 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 2,700 லீற்றர். அது கூட்டின் காலடியில் விழுந்தால் அடித்தூண் உக்கும், மண் கரையும், உமி ஊறும். ஆகவே பீலி கட்டாயம். பீலித் தண்ணீரைக் குழாயில் வாங்கிக் கானுக்கோ, வாழை அடிக்கோ விடுங்கள். கூரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கட்டும், சரிவு கூட்டின் கதவுப் பக்கம் வேண்டாம். விளிம்பு சுவரைத் தாண்டி இரண்டடி நீண்டிருந்தால் சாரல் உள்ளே அடிக்காது.

தகரம் மட்டும் என்றால் வெயில் நாளில் உள்ளே நெருப்பு. மேலே கிடுகு பரப்பிக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் சூடும் தணியும், மழைச் சத்தமும் குறையும். கிடுகு உக்கும்போது மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அடையும் கூட்டின் தரை நிலத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயர்ந்திருக்க வேண்டும். களனி கங்கை பெருகினால் வெள்ளம் ஏறும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிய பக்கம் இருப்பவர்கள் 2016 மே மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் மதிலில் அந்த வெள்ளத்தின் கோடு இன்னும் தெரிந்தால், கூடு அதற்கு மேலே இருக்கட்டும். முடியாதென்றால் கோழிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏற ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை தயாராக இருக்கட்டும்.

காற்றோட்டம் முக்கியம். சுவர்களின் மேல் பாதி கம்பி வலையாகவே இருக்கட்டும். மழை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சுருட்டி ஏற்றக்கூடிய தார்ப்பாய். மழை விட்டதும் ஏற்றிவிட வேண்டும். நாள் முழுக்க இறக்கி வைத்தால் உள்ளே அமோனியா நெடி ஏறிக் கோழிக்கு மூச்சுநோய் வரும். உங்கள் மூக்கை நம்பாதீர்கள், நின்ற நிலையில் தெரியாது. கோழியின் உயரத்துக்குக் குந்தி முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றுப் போதவில்லை.

உள்ளே குந்தி உறங்க ஒன்றரை அங்குல அகலத்தில், விளிம்பு மழித்த மரச்சட்டம். ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம் இடம். முட்டைப்பெட்டி ஒரு அடிக்கு ஒரு அடி, ஐந்து கோழிக்கு இரண்டு போதும். பெட்டி, குந்தும் சட்டத்தை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி உயரமான இடம் தேடிப் பெட்டிக்குள் உறங்கி, முட்டையிடும் இடத்தை எச்சமாக்கிவிடும்.

தரையும் உமியும்

முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

தரையில் நான்கு அங்குலத்துக்கு உமி. மொறட்டுவைத் தச்சுப் பட்டறைகளில் கிடைக்கும் மரச்சீவலும் நல்லது. மாவு போன்ற மரத்தூள் வேண்டாம், தூசி மூக்கில் ஏறும். மருந்தடித்த மரத்தின் சீவலும் வேண்டாம். இந்த அளவுக் கூட்டுக்கு மூன்று சாக்கு உமி காணும். இன்னும் மூன்று சாக்கை செப்டெம்பரிலேயே வாங்கிக் கூரைக்குக் கீழே, கல்லின் மேல் அடுக்கி வையுங்கள். மழைக்குள் வாங்கப் போனால் ஈர உமிதான் கிடைக்கும்.

கிழமைக்கு இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். கோழிக்குத் தானியம் கொஞ்சம் தூவினால் பாதி வேலையை அதுவே செய்யும். சோதிக்கும் முறை இது: தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிழிந்து விரலை விரியுங்கள். உடனே உதிர்ந்தால் நல்ல உலர்வு. மெல்ல வெடித்துப் பிரிந்தால் பரவாயில்லை. உருண்டையாகவே நின்றால், கையும் ஈரமானால், அந்தப் பகுதியை வாரி வெளியே எடுத்துவிட்டுப் புது உமி போட வேண்டும். மீதியில் நீறிய சுண்ணாம்பை இலேசாகத் தூவிக் கிளறுங்கள், சுண்ணாம்பு தூவும்போது கோழி வெளியே இருக்கட்டும்.

பெரும்பாலும் ஈரமாவது தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான். பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிட்டால், அல்லது கொத்தினால் மட்டும் சொட்டும் நிப்பிள் பூட்டிய வாளி வைத்தால், சிந்துவது வெகுவாகக் குறையும்.

இன்னொன்று மண்குளியல். மண்ணில் புரண்டுதான் கோழி பேனையும் செள்ளையும் உதறுகிறது. ஐப்பசியில் வளவில் எங்கும் காய்ந்த மண் கிடையாது. அகன்ற பழைய பேசின் ஒன்றில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து கூரைக்குக் கீழே வையுங்கள். மணலையும் மழைக்கு முன்பே சாக்கில் கட்டி வைக்க வேண்டும். இரவில் டோர்ச் அடித்துக் குந்தும் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் செள்ளு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இரவில் வரும் விருந்தாளிகள்

கொழும்பு நகரம், இங்கே என்ன காட்டு மிருகம் என்று நினைக்காதீர்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது. கோட்டே, பத்தரமுல்லை, தலவத்துகொடை பக்கம் மீன்பிடிப் பூனை மதில் ஏறி வரும். நகர் முழுக்க மரநாய், கீரி, உடும்பு, சாரைப்பாம்பு, தெரு நாய், பக்கத்து வீட்டுச் செல்லப்பூனை என்று பட்டியல் நீளம். மீன்பிடிப் பூனை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பொறி வைப்பது, நஞ்சு வைப்பது எல்லாம் குற்றம். நம் வேலை கூட்டைப் பலப்படுத்துவதுதான்.

அறுகோணக் கண்ணுள்ள மலிவான கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயை வெளியே வைத்திருக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் வாங்குங்கள். விலை கூட, ஒரு தடவைச் செலவு. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் நாலு கடை ஏறி விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். வலையை நிலத்தோடு நிறுத்தாமல் ஒரு அடி வெளிப்புறமாக மடித்து மண்ணில் புதையுங்கள், மேலே கல் வையுங்கள். அகழான் எலி தோண்டுவது விளிம்பில்தான், தோண்டும் இடத்தில் வலை தட்டுப்பட்டால் போய்விடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, சுழற்றிப் பூட்டும் கொண்டி வேண்டும். பொழுதுபட ஆறு மணிக்குக் கோழி தானாகவே கூட்டுக்கு ஏறும், உடனே சாத்திவிடுங்கள். மழை இருட்டில் இன்னும் முன்னதாகவே ஏறிவிடும்.

காகம் பெரிய கோழியை ஒன்றும் செய்யாது, முட்டையையும் குஞ்சையும் தூக்கும். புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துக் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடென்றால், சோற்றை முன் மதிலில் வையுங்கள். கோழிக்கூடு பின்னால் இருக்கட்டும்.

தீன்

முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் லேயர் மாஷ் தின்னும். ஐந்துக்கும் நாளுக்கு 575 கிராம் என்று வைத்தால், 25 கிலோ மூட்டை ஆறு கிழமைக்கு வரும். வெயில் காலத்தில் அது பரவாயில்லை. மழைக்காலத்தில் திறந்த மூட்டை ஆறு கிழமை நிற்பது நீண்ட காலம். பூஞ்சணம் பிடித்த தீனில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரலைக் கெடுக்கும், காய வைத்தாலும் போகாது. கோழி வளர்க்கும் இன்னொரு வீட்டோடு மூட்டையைப் பங்கு போடுங்கள், அல்லது சில்லறையாக வாங்குங்கள். இறுக்கமான மூடியுள்ள வாளியில், நிலத்தில் படாமல் வையுங்கள். கட்டி பிடித்தாலோ, புளித்த வாசம் வந்தாலோ யோசிக்காமல் எறியுங்கள்.

வீட்டு மிச்சம் மொத்தத் தீனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பால் பிழிந்த தேங்காய்ப்பூ, உப்பில்லாத சோறு, கீரைத் தண்டு, பப்பாசித் தோல் எல்லாம் நல்லது. கருவாட்டுத் தலை, ஊறுகாய், மிஞ்சிய கறி வேண்டாம், உப்பு கோழிக்கு ஆகாது. பூஞ்சணம் பிடித்த பாணைக் கோழிக்குப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதை விட்டுவிட வேண்டும். முட்டை ஓட்டுக்குச் சிப்பித்தூள் தனிச் சிரட்டையில் வையுங்கள், தேவைக்குத் தானே கொத்தும். தண்ணீர் ஒரு கோழிக்குக் கால் லீற்றர், வெக்கை நாளில் அரை லீற்றர்.

நுளம்பும் நோயும்

கோழி அம்மையை நுளம்பு பரப்பும். டெங்குவையும் நுளம்புதான் பரப்பும். கூட்டைச் சுற்றி நீர் தேங்காமல் வைத்தால் இரண்டுக்கும் ஒரே வேலை. குடிநீர்ப் பாத்திரத்தை நாளுக்கு ஒருமுறை உரசிக் கழுவுங்கள், பீலியில் இலை அடைக்காமல் பாருங்கள், வெறும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டப்படி, குடம்பி கண்டால் வழக்குப் போடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நேரே பின்வளவுக்குத்தான் போவார்.

அம்மை வந்தால் கொண்டையிலும் கண் ஓரத்திலும் பருக்கள் கறுத்துப் பொருக்காகும். மருந்து இல்லை. பொருக்கில் அயடீன் தடவி, தனியாக வைத்து, தீன் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலானவை மூன்று நான்கு கிழமையில் தேறும். வரும் முன் சிறகு மடிப்பில் போடும் தடுப்பூசியே வழி.

ராணிக்கெட் என்ற வைரஸ் நோய் அப்படியல்ல. பச்சைக் கழிச்சல், வாய் திறந்து மூச்சு, கழுத்துத் திருகல். வந்தால் கூடே காலியாகும். தடுப்பூசி தவறக் கூடாது, மீளூசிக் காலத்தை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக் குறித்து வையுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் கொடுப்பதில் தப்பில்லை, ஊசிக்குப் பதிலாக அவற்றை நம்புவதுதான் தப்பு. எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக்கழிச்சல், உமியை உடனே மாற்றி வைத்தியரிடம் அம்ப்ரோலியம் பற்றிக் கேளுங்கள். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்பதையும் கேட்க மறக்காதீர்கள். ஓரிரு நாளில் பல கோழிகள் காரணமில்லாமல் செத்தால் அறுத்துச் சமைக்கக் கூடாது, அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

முட்டை குறைந்தால்

ஒரு வருடம் முட்டையிட்ட கோழி இறகு உதிர்த்து இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும். தலையணை வெடித்ததுபோல் வளவெல்லாம் இறகு கிடக்கும், பயப்பட வேண்டாம். புரதம் கொஞ்சம் கூட்டுங்கள், அவித்த மீன் கழிவு நல்லது. மின்குமிழ் போட்டுப் பகலைப் பதினாலு மணித்தியாலமாக்கினால் முட்டை கூடும், பண்ணைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஐந்து கோழிக்கு அது தேவையில்லாத வேலை என்பது என் அபிப்பிராயம்.

சேறு பட்ட முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய், கிருமி உள்ளே நுழையும். காய்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நான்கு கிழமை தாங்கும். தீபாவளி கழிந்து கந்தசஷ்டி விரதம் தொடங்கினால் ஆறு நாள் முட்டை சேரும், கோழிக்கு விரதம் தெரியாதே. அடுத்த வீட்டுக்கு ஒரு ஆறு கொடுங்கள். சத்தம், மணம் பற்றிய முறைப்பாட்டைப் பாதி குறைக்கும்.

எருவும் வளவும்

ஒரு கோழி நாளுக்கு ஏறக்குறைய நூறு கிராம் எச்சமிடும். வாரியெடுத்த உமியையும் எச்சத்தையும் காய்ந்த இலையோடு அடுக்கி, தார்ப்பாயால் மூடி வையுங்கள். மூடாவிட்டால் மழை அதன் சத்தையெல்லாம் கழுவிக் கிணற்றுக்கோ கானுக்கோ கொண்டுபோகும், இலையானும் மொய்க்கும். பச்சை எருவை மிளகாய்ச் சாடியில் போட்டால் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் உக்க வேண்டும். ஐப்பசியில் குவித்தது தைக்குப் பதமாகும்.

அதுவரை மழையைப் பயன்படுத்தி, முருங்கைக் கிளையையும் அகத்தி விதையையும் கூட்டின் மேற்குப் பக்கம் ஊன்றுங்கள். இலை கோழிக்கும் ஆகும், வீட்டுச் சுண்டலுக்கும் ஆகும், வளர்ந்தால் பின்னேர வெயிலையும் மறைக்கும். பசளியும் கங்குனும் இப்போதே நடலாம். கத்தரி, மிளகாய்க் கன்றுகளைத் தைக்கு, எரு பதமானபின் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குஞ்சு பொரிக்க விரும்புகிறவர்கள் கருக்கொண்ட முட்டை தேடி அடைக்கோழிக்கு வைக்கலாம். 21 நாளில் பொரிக்கும், தரையும் காய்ந்திருக்கும்.